கோட்டுப் போட்ட பிள்ளை

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னிடம் இரண்டு வெள்ளை உடுப்புகள் இருந்தன. ஒன்று பள்ளிக்கூடச் சீருடை. மற்றது, மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ரோட்டில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் எனக்கு மாட்டிவிட்ட கோட்டு. இந்த இரண்டில் எதைக் கழற்றுவது என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் தலைவலி.

அந்தப் பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தம்புள்ளைக் குகைக் கோயிலைப் பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்களின் வேன்கள் வழியில் இந்தக் கார்டன்களில் நிற்கும். ஒரு ஆள் அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் மிளகுக் கொடி, கொக்கோ, வனிலா, கறுவாப் பட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை சொல்வார். கடைசியில் ஓலைக் கொட்டகைக்குள் உட்கார வைத்து மூலிகைத் தேநீர் கொடுத்து, குப்பிகளை வரிசையாக வைத்து, இது மூட்டு வலிக்கு, இது தூக்கத்துக்கு, இது சீனி வியாதிக்கு என்பார். பக்கத்திலேயே கடை. கதை சொல்கிறவர்கள் எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு உண்டு. வேன் டிரைவர்கள் அவர்களை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் கொடுத்த பட்டம் என்று யாரும் கேட்பதில்லை.

அங்கே தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த என் சித்திதான் சாதாரணதரப் பரீட்சை முடிந்த லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோப்பை கழுவத்தான் போனேன். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. மாத்தளை டவுன்காரரான ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அங்கே வருடக்கணக்காகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இங்கிலிஷில் இலக்கணம் கிடையாது, ஆனால் உயிர் உண்டு. மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு, "இது சோம்பேறிக் கொடி மேடம், தனியா நிக்காது, யார் மேலயாவது சாய்ஞ்சுதான் நிக்கும், என்னைப் போல, சந்தேகம்னா என் பொண்டாட்டிகிட்ட கேளுங்க" என்பார். வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கோப்பை கழுவிக்கொண்டே அதையெல்லாம் மனத்தில் எழுதிக்கொண்டேன். இங்கிலிஷ் எனக்கு அப்படித்தான் வந்தது. பிறகு கொஞ்சம் ஜெர்மனும் வந்தது, அதே மாதிரி, காது வழியாக.

வீட்டுக்கு வந்ததும் அதையெல்லாம் தமிழில் அம்மாவுக்குச் சொல்லிக் காட்டுவேன். அம்மா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மலையிலிருந்து வந்து, முகம் கழுவி, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, "எங்க, இன்னைக்கு என்ன சொன்ன, சொல்லு பாப்போம்" என்பார். நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்று கறுவாவின் மகிமையை ஆரம்பிப்பேன். அது சீனியைக் குறைக்கும், கொழுப்பைக் குறைக்கும், பிரஷரைக் குறைக்கும். அம்மா மாவை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் நானாவுக்குக் காய்ச்சல். மூன்று வேன் ஒன்றாக வந்து நின்றுவிட்டது. முதலாளி சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு நானாவின் கோட்டைக் கொடுத்தார். கை நீளம், மடித்துவிட்டுக்கொண்டேன். அன்று நான் பேசிய பேச்சில் கடைத் தட்டு பாதி காலி. அதற்குப் பிறகு என் அளவுக்கு ஒரு கோட்டு வந்தது.

சித்தி அந்தக் கோலத்தில் என்னைப் படம் பிடித்து அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டார். அம்மா அதை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி, லயத்து வரிசையில் வீடு வீடாகக் காட்டினார்.

"என்னக்கா, புள்ளைய டொக்டரா போட்டுட்டாங்களா?" என்று அடுத்த வீட்டு அக்கா கேட்டார்.

"இன்னும் முழுசா இல்ல. முக்காவாசி" என்றார் அம்மா.

நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவும் செய்தேன். படிப்பதும் உயிரியல், போடுவதும் வெள்ளைக் கோட்டு, யார் நம்புவார்கள்? தோட்டத்தில் வேலை மேற்பார்க்கிற கங்காணி வந்து முழங்காலைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியாது மாமா என்றதற்கு, "பாரேன், என்னா அடக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் என் நாற்காலி காலியாகிக்கொண்டே வந்தது. சனி, ஞாயிறு மட்டும் என்று ஆரம்பித்தது, சீசன் வந்ததும் செவ்வாய், வியாழன் என்று பரவியது. வரவு போதாத பிள்ளைகளின் பெயரைப் பள்ளிக்கூடம் பரீட்சைக்கு அனுப்பாது. தமிழில் உயிரியல் படிப்பிக்கிற டீச்சர் கண்டியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை என்னை வெளியே கூப்பிட்டார்.

"நான் கண்டியில இருந்து வாரேன். நீ ரத்தோட்டையில இருந்து வர மாட்டேங்கிற. இதுல யாருக்குத் தூரம் கூட?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உனக்கு மூளை இருக்கு. அத யாரும் இல்லைங்கல. ஆனா நீ அந்தப் பக்கமா, இந்தப் பக்கமான்னு எனக்குத் தெரியணும். திங்கக்கிழமை வகுப்புல இருந்தா பிரின்சிபல்கிட்ட உனக்காகப் பேசுவேன். அதுக்குப் பிறகு ஒரு நாளும் வராம நிக்கக் கூடாது. திங்கக்கிழமை உன்னைக் காணலன்னா நானே பேரை வெட்டச் சொல்லிருவேன். பொறகு அழுதுக்கிட்டு வரக் கூடாது."

அதே வாரம் முதலாளியும் கேட்டிருந்தார். ஜெர்மன் பேசுகிற ஆள் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், ஜெர்மன் கூட்டங்கள் வரத் தொடங்குகின்றன, இனி நிரந்தரமாக வா என்று. அவர் சிங்களவர், தமிழை அவருக்கு வசதியான மாதிரி பேசுவார். "திங்கக்கிழமை அம்மா கூட்டிட்டு வா. அம்மா சரி சொன்னா, நீ நம்ம ஆள். இல்லாட்டி நான் வேற ஆள் பாக்க வேணும்."

எனக்கு எது பிடித்திருந்தது என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன், கார்டன்தான். வகுப்பில் வேர் நீரை உறிஞ்சுகிற பிரசாரணம் என்று டீச்சர் பலகையில் எழுதினால் எனக்கு வாய் உலர்ந்துபோகும். கார்டனில் நான் வாயைத் திறந்தால் முன்பின் தெரியாத மனிதர்களின் முகம் மலரும். பரீட்சை பாஸாகுமா என்று எனக்கே தெரியாது. கார்டன் கையில் இருந்தது. வீட்டிலும் எதிர்ப்பில்லை. அம்மாவைப் பொறுத்தவரை கோட்டு போட்டாகிவிட்டது, இனிப் பரீட்சை எதற்கு?

அந்தச் சனிக்கிழமை ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். என் பேச்சுக்கு நன்றாகச் சிரித்தார்கள். கொட்டகையில் தேநீர் குடித்து முடிந்ததும் கணவர் கழிவறைப் பக்கம் போனார். மனைவி என் அருகில் நகர்ந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துத் திறந்தார். கிழமைக்கு ஓர் அறையாகப் பிரித்த பெட்டி. ஒவ்வோர் அறையிலும் குளிசைகள், வெள்ளை, இளஞ்சிவப்பு, நீட்டமானது, உருண்டையானது.

கணவருக்குச் சீனி வியாதி, இவற்றில் ஏதோ ஒன்று அவர் வயிற்றைக் கலக்குகிறது, கறுவா சீனியைக் குறைக்கும் என்றீர்களே டொக்டர், அப்படியென்றால் இதில் எதை நிறுத்தலாம் என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று அந்தப் பெட்டியை என் முன்னால் வைத்தால் எது எதற்கென்று பார்த்த மாத்திரத்தில் ஓரளவு சொல்லிவிடுவேன். அன்று தெரியாது. சீனியைக் கட்டுப்படுத்துகிற சதையி எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து பெயர் குறித்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தம்மாவின் விரல் இளஞ்சிவப்புக் குளிசையின் மேல் இருந்தது. இதுவா என்பது போல. நான் தலையை ஆட்டினால் போதும், அவர் அதை வெளியே எடுத்துவிடுவார். எத்தனையோ நாள் நிற்காமல் ஓடிய வாய், அன்று ஒரு சொல் கிடைக்காமல் நின்றது.

கடை வாசலிலிருந்து முதலாளி பார்த்தார். நானா வேகமாக வந்து, "மேடம், முதல்ல ரெண்டையும் சேத்துக் குடிக்கட்டும், பொறகு மெல்ல மெல்லப் பார்ப்போம்" என்று இங்கிலிஷில் சிரித்துச் சமாளித்து, அவரைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அந்தம்மா இரண்டு குப்பி வாங்கினார். பெட்டியை மூடினாரா, ஏதாவது எடுத்துவிட்டு மூடினாரா என்று நான் பார்க்கவில்லை. வேன் போய்விட்டது.

"நானா, அந்த இளஞ்சிவப்புக் குளிசை என்னது?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிப் புள்ள தெரியும்? நான் மிளகுக்காரன்" என்றார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "இப்படி ஆள் வாரது ஈக்கிதுதான். பயந்துக்காத. சிரிச்சிட்டு வேற பக்கம் கூட்டிட்டுப் போயிரு" என்றார்.

முதலாளியும் ஏசவில்லை. நல்லாப் பேசுகிற நீ ஏன் நின்றுவிட்டாய் என்று மட்டும் கேட்டார். கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மலைக்குப் போன உடுப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை சுற்றுகிறது, பிடரி வலிக்கிறது என்றார்.

"பிரஷர் குளிசை போட்டீங்களா?"

"அதெல்லாம் நிப்பாட்டிட்டேனே" என்றார் அம்மா, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

"எப்ப?"

"சித்தி கார்டன்ல இருந்து லேபல் கிழிஞ்ச குப்பி ரெண்டு கொண்டாந்து குடுத்தாள்ல. கறுவா மருந்து. அதைத்தான் குடிக்கிறேன். கிளினிக்குக்குப் போனா ஒரு நாள் பேர் போவுது. நம்ம வீட்டுலயே ஒருத்தி இருக்கப்ப என்னத்துக்கு அங்க போய் வரிசையில நிக்கணும்?"

பேர் என்றால் ஒரு நாள் வேலை. அதை இழக்காமல் வைத்தியமும் ஆகிறதென்றால் எந்தத் தாய்தான் விடுவாள்? நான் குளிசைப் பையைத் தேடி எடுத்தேன். மடித்தபடியே இருந்தது. அதில் ஒன்றை அப்படியே போடக் கொடுக்கலாமா, இத்தனை நாள் விட்டுவிட்டுத் திடீரென்று கொடுத்தால் ஏதாவது ஆகுமா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே நாளில் இரண்டாவது தடவை.

விடிந்ததும் த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இளம் வயது டொக்டர் ஒருவர்தான் இருந்தார், பெண், சிங்களம் மட்டும் பேசுபவர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பழகிய வேலை. அப்பா அம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் நின்று அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் பேச்சைத் தூக்கிக் கொடுப்போம்.

பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. மறுபடியும் கட்டிப் பார்த்தார்.

"மருந்தை ஏன் நிறுத்தினார் என்று கேள்."

நான் அம்மாவிடம் திரும்பி, "ஏன் நிப்பாட்டுனீங்கன்னு கேக்குறாங்க" என்றேன்.

"சொல்லு. என் மக டொக்டருக்குப் படிக்கிறவ, கறுவா மருந்து பிரஷரக் கொறைக்கும்னு அவதான் தெனமும் சொல்லுவா, அதனால நிப்பாட்டுனேன்னு சொல்லு."

டொக்டர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். அம்மாவும் பெருமையாகவே என்னைப் பார்த்தார். மறந்துவிட்டாராம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை, டொக்டருக்கும் தெரியப்போவதில்லை. அந்தச் சின்ன அறையில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள் நான். தொண்டை வரை அந்த வரி வந்தும்விட்டது. ஆனால் அவர் மருந்து எழுதப்போகிறவர். அம்மா வயிற்றுக்குள் என்ன போயிருக்கிறது என்று தெரியாமல் எப்படி எழுதுவார்?

அம்மா சொன்னதைச் சொன்னபடியே சிங்களத்தில் சொன்னேன்.

"எங்கே அந்த மகள்?"

"நான்தான் மிஸ்."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து வரிசையாகக் கேட்டார். அந்தக் குப்பிக்குள் கறுவாவோடு வேறு என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு? எவ்வளவு நாளாக? கறுவாவை எப்படி உரிப்பார்கள், எப்படிச் சுருளும், எந்தக் கப்பலில் எந்த நாட்டுக்காரன் அதைத் தேடி வந்தான் என்று கேட்டிருந்தால் மணிக்கணக்கில் சொல்லியிருப்பேன். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அம்மாவை ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். தாதி வந்து வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்து எண் கூடியதா குறைந்ததா என்று ஊகித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டித்தான் டொக்டர் வந்து, இறங்கிவிட்டது, வீட்டுக்குப் போகலாம், ஓய்வெடுக்க வேண்டும், இந்த மாதம் கிளினிக்கை விடக் கூடாது என்றார்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் அம்மா கேட்டார். "அப்ப அந்தக் கோட்டு?"

"அது சும்மா போடுறதும்மா."

"சும்மான்னா?"

"கதை சொல்றதுக்கு."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டார். லயத்து வாசலில் அடுத்த வீட்டு அக்கா ஓடி வந்து, "என்னக்கா, புள்ள பாத்து சரியாக்கிட்டாளா?" என்று கேட்டபோதும் அம்மா நிற்காமல் உள்ளே போனார்.

சாயந்தரம் அப்பாவின் போன் வந்தது. அப்பா தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் கோவா, கரட் மூட்டை இறக்குபவர், கிழமைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். அம்மாவின் சுகத்தை விசாரித்துவிட்டு என்னிடம் பேசினார்.

"கார்டன விட்டுறாத தாயி. இங்க என்கூட மூட்டை தூக்குறவன்ல ரெண்டு பேரு உயர்தரம் எழுதுனவனுங்க. ஒருத்தன் உன்னைய மாதிரியே உயிரியல். கோவா மூட்டைக்கு உயிரியல் என்னத்துக்கு, சொல்லு. காலையில ஒரு விலை, மத்தியானம் ஒரு விலைன்னு இருக்கிற எடத்துல நிக்கிறவன் நான். கையில கெடைச்சத விட்டவன் நெலமைய தெனமும் பாக்குறேன்."

அப்பா சொன்னதில் பொய் இல்லை. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் முடிவு சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை சீருடையைப் போட்டுக்கொண்டு, மாற்றுடுப்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னாரே என்றதற்கு, "பஸ்ல உக்காந்துக்கிட்டுதானே போறேன்" என்றார். சித்தி எங்களுக்கு முன் இருக்கையில்.

மாத்தளை பஸ் நிலையத்தில் தம்புள்ளை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு என்றால் எதிர்ப் பக்கமாக மேடேறி நடக்க வேண்டும். சித்தி பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஏறுறீங்களா இல்லையா?" என்றார்.

அம்மா என் தோளிலிருந்த பையின் வாரைச் சரிசெய்தார். "யார்கிட்டயாவது ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லித்தான் ஆவணும். அத நான் சொல்லிக்கிறேன். யாருகிட்டன்னு மட்டும் நீ சொல்லு."

கண்டக்டர் இன்னொரு தடவை தட்டினார். எனக்கு அப்பாவின் குரல் காதில் இருந்தது. நானாவின் சிரிப்பும் இருந்தது. அந்த வெள்ளைக்கார அம்மாவின் விரலும் கண்ணில் இருந்தது.

"நான் டீச்சர்கிட்ட போறேம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிவிட்டுத் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினார்.

கார்டனில் என்ன நடந்தது என்று பிறகு சித்தி சொல்லித்தான் தெரியும். முதலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார். அம்மா தமிழிலேயே, மகள் பள்ளிக்கூடம் போகிறாள், இனி வரமாட்டாள் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி, லீவு நாளில் மட்டுமாவது அனுப்புங்கள், அப்படி ஒரு வாய் எனக்குக் கிடைக்காது என்றாராம். அம்மா, "அந்த வாயை நம்பி நானே படுத்துட்டேன் மாத்தயா" என்று சொல்லிவிட்டு எழுந்தாராம். நானாவுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

வகுப்பில் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு வரவுப் பதிவில் என் பெயரைக் குறித்துக்கொண்டார். சிறுநீரகப் பாடம். அது பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, நான் வராத நாட்களில் தொடங்கியிருந்தது. பலகையில் இருந்தது தமிழ்தான், ஆனால் எனக்கு ஒரு வரியும் பிடிபடவில்லை. அப்பாவோடு மூட்டை தூக்குகிற அந்தப் பையனும் இப்படித்தான் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பானோ என்று தோன்றியது. இடைவேளையில் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை வாங்கி முதலிலிருந்து பார்த்து எழுத ஆரம்பித்தேன். கை வலித்தது. எழுதியதில் பாதி விளங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் கேட்டுக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தார். ரத்தோட்டை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

சிறுநீரகம் என்றேன். இரத்தத்தை வடிகட்டுகிற உறுப்பு, உள்ளே நூல் மாதிரி மெல்லிய குழாய்கள் என்று ஆரம்பித்தேன். வார்த்தைகள் தடுக்கித் தடுக்கி வந்தன. அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்ப பிரஷர் ஏறிச்சுன்னா, அந்த மெல்லிசான குழாய்க்கு என்ன ஆவும்?"

நான் கொப்பியைப் புரட்டினேன். அந்தப் பகுதியை இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை.

"அந்தப் பாடம் நடந்த அன்னைக்கு நான் கார்டன்ல இருந்தேம்மா."

"சரி" என்றார் அம்மா. "நாளைக்குப் போய் டீச்சர்கிட்ட கேட்டுக்கிட்டு வா."

பஸ் மேடேறத் தொடங்கியது. பஸ்ஸின் ஆட்டத்தில் கோடு கோணலாகப் போனாலும், அவர் கேட்ட கேள்வியைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.